விக்கிரம் சாராபாய்

மழை, நகரம் என்றும் சிற்றூர் என்றும் வேறுபாடு கருதாது பெய்கின்றது. செல்வர் மாளிகைமேல் விழும் அதே துளிதான் ஏழையின் குடிசைமேலும் விழுகின்றது. ஆனால் மக்கள் தம் முயற்சியால் ஆக்கிக் கொள்ளும் வசதிகள் அவ்வாறு பரவுவதில்லை. சாலையாயினும், மின்விளக்காயினும், கல்விச்சாலையாயினும் அவை முதலில் பெருநகரங்களை அடைகின்றன. பின்னர்ப் பேரூர்களைச் சேர்கின்றன. நாட்டின் கடைக்கோடியில் உள்ள சிற்றூருக்கு வந்து சேர்வதற்குள் ஒரு தலைமுறையே கழிந்துவிடுகின்றது. இவ்வரிசையை மாற்றிக் கல்வியையும் பயனுள்ள செய்தியையும் கடைக்கோடிச் சிற்றூருக்கே முதலிற் கொண்டு சேர்த்தல் வேண்டும் என எண்ணி, அதற்குரிய வழியை வானத்திலே கண்ட அறிஞர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே டாக்டர் விக்கிரம் சாராபாய் ஆவார்.

பிறப்பும் இளமையும்

விக்கிரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் அகமதாபாத் நகரில் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய், துணியாலைத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். தாயார் சரளாதேவி. மக்கள் எண்மருள் விக்கிரமும் ஒருவர்.

அவர் பிறந்த இல்லம் செல்வம் மிக்கது. எனினும் செல்வச் செருக்கு அற்றது. காந்தியடிகள், கவிஞர் தாகூர் முதலிய பெரியோர் அக்குடும்பத்தோடு நெருங்கிப் பழகினர். அம்பாலாலின் தமக்கையார் அனசூயா அம்மையார் ஆலைத் தொழிலாளர் நலத்துக்காகவே வாழ்ந்தவர். 1918ஆம் ஆண்டில் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வு வேண்டிப் போராடியபோது, ஆலை உரிமையாளருள் ஒருவராகிய தம் தம்பிக்கு எதிராகவே நின்று, காந்தியடிகளோடு சேர்ந்து அத்தொழிலாளரை அவர் வழிநடத்தினார். உழைப்பவரின் பக்கம் நின்றும் ஒரு செய்தியைப் பார்த்தல் வேண்டும் என்னும் பண்பு இவ்வாறு அவ்வில்லத்திலேயே விக்கிரமுக்குக் கிட்டிற்று.

பெற்றோர் தம் மக்களுக்கென இல்லத்திலேயே பள்ளி ஒன்றை அமைத்து, நல்லாசிரியரைக் கொண்டு கற்பித்தனர். பின்னர் விக்கிரம் குஜராத் கல்லூரியில் பயின்று, இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் கற்று, 1940ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றார். அப்போது இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தமையால் தாயகம் திரும்பிப் பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. இராமனின் மேற்பார்வையில், விண்ணிலிருந்து இடையறாது பூமியை நோக்கி வரும் காஸ்மிக் கதிர்களைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சி அவரைக் காஷ்மீரத்தின் உயர்ந்த மலைகளுக்கும் அழைத்துச் சென்றது. பின்னாளில் இந்திய அணுசக்திப் பணிக்கு வித்திட்ட ஹோமி பாபாவின் நட்பும் பெங்களூரிலேயே அவருக்கு வாய்த்தது.

1942ஆம் ஆண்டில் பரதநாட்டியத்தில் வல்லவராகிய மிருணாளினி சுவாமிநாதனை அவர் சென்னையில் மணந்தார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிக்காக 1947ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். நாடு விடுதலை பெற்ற அவ்வாண்டிலேயே தாயகம் திரும்பினார்.

நிறுவனங்களை வளர்த்த நேர்த்தி

அப்போது அவருக்கு வயது 28. தந்தையாரின் ஆலைகளைக் கவனித்துக்கொண்டு இனிது வாழ்ந்திருக்கலாம். அவரோ, 1947ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், கல்லூரி ஒன்றில் கிடைத்த சில அறைகளில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியிற் பிறந்து, வானிலை ஆராய்ச்சியிற் புகழ் பெற்றிருந்த கே. ஆர். இராமநாதன் என்னும் மூத்த அறிஞர் அதன் முதல் இயக்குநரானார். தாம் தொடங்கிய நிலையத்திற்குத் தாமே தலைவராக வேண்டும் என்னும் ஆசை சாராபாய்க்கு இல்லை. தகுதியுடையாரிடம் பொறுப்பை ஒப்படைத்துத் தாம் அவரோடு இணைந்து உழைத்தார்.

அவ்வாண்டிலேயே துணியாலைகளுக்கென ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றும் அவர் முயற்சியால் அகமதாபாத்தில் எழுந்தது. 1961ஆம் ஆண்டில் அந்நகரில் தொடங்கப்பெற்ற இந்திய மேலாண்மைக் கழகமும் அவருடைய முயற்சியால் விளைந்ததே. சிறிய இடத்திலே தொடங்குதல், இளைஞரை நம்பிப் பெரும்பொறுப்புத் தருதல், நிறுவனம் வேரூன்றியதும் அதனை அவரிடமே விட்டு அடுத்த பணிக்குச் செல்லுதல் ஆகிய மூன்றும் அவருடைய நெறிகளாக அமைந்தன.

தும்பாவில் எழுந்த முதல் இராக்கெட்டு

1962ஆம் ஆண்டில் விண்வெளி ஆராய்ச்சிக்கான இந்திய தேசியக் குழு அமைக்கப்பெற்றது. சாராபாய் அதன் தலைவரானார். வானத்தின் மேலடுக்குகளை ஆராயும் இராக்கெட்டுகளைச் செலுத்தத் தக்க இடம் ஒன்று வேண்டியிருந்தது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்கின்றது. ஆதலால் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூர் அப்பணிக்கு மிகப் பொருத்தமாயிற்று.

ஆனால் அங்கே மக்கள் குடியிருந்தனர். அவர்கள் வழிபடும் மரிய மகதலேனாள் தேவாலயமும் இருந்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணையும் வழிபட்ட கோயிலையும் விட்டுச் செல்லுதல் எளிதன்று. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவைக் கண்டு தம் நோக்கத்தை விளக்கினார். ஆயர் அதனைத் தம் சபையோர்முன் வைத்தார். நாட்டின் நன்மைக்கு எனக் கேட்ட அம்மீனவர், தம் கோயிலையும் குடியிருப்பையும் விட்டு வேறிடம் செல்ல இசைந்தனர். தேவாலயம் அலுவலகமாக மாறிற்று. இந்திய விண்வெளிப் பணியின் முதற் கொடையாளர், வலை வீசி வாழ்ந்த அவ்வெளிய மக்களே ஆவர். அத்தேவாலயம் இன்று விண்வெளிக் காட்சிச்சாலையாக விளங்குகின்றது.

1963ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள் மாலை, அமெரிக்காவிலிருந்து வந்த நைக்கி-அப்பாச்சி என்னும் இராக்கெட்டுத் தும்பாவிலிருந்து செலுத்தப்பெற்றது. அதனை ஏவுமேடையில் ஏற்றும் வேளையிற் பாரந்தூக்கும் பொறி பழுதுற்றது. குறித்த நேரமோ நெருங்கிவிட்டது. அங்கிருந்த இளைஞர் பலர் கூடித் தம் கைவலிமையாலேயே அதனைத் தூக்கி மேடையில் நிறுத்தினர். அவ்விளைஞருள் ஒருவர், இராமேசுவரத்திற் பிறந்து பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்துல் கலாம் ஆவார். இராக்கெட்டு மேலெழுந்து உமிழ்ந்த சோடிய ஆவி, மாலை வானில் செம்மஞ்சள் முகிலாய் விரிந்தது.

1966ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஹோமி பாபா விமான விபத்தில் உயிர் நீத்தார். அணுசக்தி ஆணையத்தின் தலைமைப் பொறுப்பும் அவ்வாண்டிலேயே சாராபாயின் தோளில் ஏறியது. 1969ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தோன்றியது. அதற்கும் அவரே தலைவரானார்.

ஏழை நாட்டுக்கு விண்வெளி எதற்கு?

உண்ண உணவும் உடுக்க உடையும் போதாத நாடு விண்வெளியிற் பொருளைச் செலவிடலாமா என்று பலர் கேட்டனர். அக்கேள்வி நேரியது. அந்நாளில் நாட்டின் பல பகுதிகள் வறட்சியால் வாடின. உணவுத் தானியம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. சாராபாய் அக்கேள்வியை ஒதுக்கிவிடவில்லை. பெருநாடுகளோடு போட்டியிட்டுச் சந்திரனுக்கு ஆளனுப்பும் பகட்டு நமக்கு வேண்டா என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மக்களின் அன்றாட வாழ்வுக்குப் பயன்படும் விண்வெளிக் கலையைக் கைவிடுதல் ஏழை நாட்டுக்கே மிகுந்த இழப்பாகும் என்பதே அவர் கொண்ட கருத்து. அக்கருத்துக்கு அவர் காட்டிய சிறந்த சான்று தொலைக்காட்சியாகும்.

அக்காலத்தில் இந்தியாவில் 5,50,000-க்கு மேற்பட்ட சிற்றூர்கள் இருந்தன. அவற்றுள் வாழ்ந்தோரிற் பெரும்பாலார் எழுத்தறியாதவர். புதிய விதை வந்தது, புதிய உரம் வந்தது, நோய்த்தடுப்பு மருந்து வந்தது. அவற்றைப் பயன்படுத்தும் முறையை அவர்களுக்கு யார் சொல்வது? நூல் எழுதினால் படிக்க இயலாது. ஆள் அனுப்பினால் அத்தனை ஊர்களுக்கும் ஆளில்லை. கண்ணாற் கண்டும் காதாற் கேட்டும் அறியத்தக்க தொலைக்காட்சியே அதற்கு ஏற்ற கருவி. இதனைச் சோதித்துப் பார்க்கும் பொருட்டு, 1967ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள் முதல் தில்லியைச் சூழ்ந்த 80 சிற்றூர்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைத்து உழவர் நிகழ்ச்சி நடத்தப்பெற்றது. உழவர் கூட்டமாய் அமர்ந்து கண்டு பயன் பெற்றனர். எஞ்சியிருந்தது, 80 ஊர்களுக்குச் சென்றதை எல்லா ஊர்களுக்கும் எவ்வாறு கொண்டு செல்வது என்னும் சிக்கலே.

ஒருமுறை அனுப்பிப் பலருக்கு வழங்கும் வழி

தொலைக்காட்சி அலைகள் ஒளியைப்போல் நேராகச் செல்லும் இயல்புடையன. பூமியோ உருண்டை. ஆதலால் உயர்ந்த கோபுரத்திலிருந்து அலையை விடுத்தாலும், சில பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்கு அப்பால் அது நன்கு சென்று எட்டாது. கோபுரங்களை வரிசையாக நிறுத்தி நாடு முழுவதையும் இணைப்பதாயின் பல்லாண்டுகள் ஆகும். அவ்வரிசையும் நகரத்திலேயே தொடங்கும். மலைக்கும் காட்டுக்கும் இடையே உள்ள ஊர் கடைசியாகவே நிற்கும்.

நடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைத் துணைக்கோளை நிறுத்தினால், அது பூமி சுழலும் வேகத்தோடு ஒத்துச் சுற்றிவரும். நம் கண்ணுக்கு வானில் ஓரிடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும். ஒரு நிலையத்திலிருந்து அதற்கு அனுப்பும் நிகழ்ச்சியை அது வாங்கி, நாடு முழுவதன்மேலும் பொழியும். அனுப்புவது ஒருமுறை, பெறுவதோ எத்தனை ஊராயினும் ஆகலாம். ஊர் ஒன்று கூடினால், வாங்கும் கருவி ஒன்று கூடுமேயன்றி அனுப்பும் செலவு கூடாது. தில்லிக்கு அருகில் உள்ள ஊரும் அடர்ந்த காட்டின் நடுவில் உள்ள ஊரும் அதற்கு ஒரே தொலைவினவாம்.

இங்கே ஓர் இடர் உண்டு. அந்நாளைய துணைக்கோள்களின் ஆற்றல் மிகக் குறைவு. அவற்றின் மெல்லிய அலைகளை வாங்கப் பூமியிற் பெரிய கிண்ணம்போன்ற வானலை வாங்கிகள் தேவைப்பட்டன. புனேயை அடுத்த ஆர்வியில் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்புக்காக அமைத்த வாங்கி ஏறக்குறைய 30 மீட்டர் குறுக்களவு உடையது. அத்தகைய ஒன்றை ஊர்தோறும் அமைத்தல் இயலாத செயல். சாராபாயும் அவரோடு உழைத்தோரும் இதனை மறுதலையாக எண்ணினர். துணைக்கோளின் ஆற்றலை மிகுத்து, அதன் வானலைக் கிண்ணத்தையும் பெரிதாக்கிவிட்டால், தரையிலுள்ள வாங்கி சிறியதாகவும் விலை குறைந்ததாகவும் அமையும். வானத்தில் இருப்பது ஒன்று. தரையில் இருப்பனவோ ஆயிரக்கணக்கின. செலவை அவ்வொன்றில் ஏற்றிப் பலவற்றில் இறக்குவதே அறிவுடைமை அன்றோ?

எல்லா ஊருக்கும் நேரே வானிலிருந்து பெறுவதே சிறந்தது என்றும் அவர்கள் முடிவு கட்டிவிடவில்லை. வீடுகள் நெருங்கியுள்ள நகரப் பகுதியில், துணைக்கோள் அனுப்புவதை ஒரு நிலையம் வாங்கித் தரைவழியே சுற்றுப்புறத்திற்கு வழங்குவது சிக்கனம். ஊர்கள் தொலைவிற் சிதறிக் கிடக்கும் பகுதியில், ஒவ்வோர் ஊரும் நேரே வாங்குவது சிக்கனம். இவ்விரண்டையும் இணைத்த கலப்பு முறையே குறைந்த செலவில் நாடு முழுவதையும் தழுவும் என அவர்கள் கணக்கிட்டுக் கண்டனர். மாணவர்களே, வானிலிருந்து பெய்யும் மழையைச் சிலவிடத்து ஏரியில் வாங்கி மடைவழியே வயல்களுக்குப் பாய்ச்சுகிறோம். சிலவிடத்து அது நேரே புன்செய் நிலத்தை நனைக்கின்றது. அதனை எண்ணினால் இம்முறை உங்களுக்கு இனிது விளங்கும்.

துணைக்கோள் தொடர்பில் நம்மவரைப் பயிற்றுவதற்காக, ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு 1967ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் பயிற்சி நிலையம் ஒன்று அமைக்கப்பெற்றது. 1969ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தோடு இந்தியா ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்படி அமெரிக்கா தன் துணைக்கோள் ஒன்றை ஓராண்டு காலம் இந்தியாவின் பயன்பாட்டிற்குத் தரும். தரைநிலையங்கள், வாங்கும் கருவிகள், நிகழ்ச்சிகள் ஆகிய அனைத்தும் இந்தியரின் பொறுப்பு. இரவல் பெற்றது வானில் நின்ற ஒன்றே. பூமியில் உள்ளன யாவும் நம்மவர் கைவண்ணமாக அமைதல் வேண்டும் என்பதே சாராபாயின் நோக்கம்.

மறைவு

அவ்வோராண்டைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அணுசக்தியும் விண்வெளியுமாகிய இரு பெரும் பொறுப்புகளைத் தாங்கி, ஓய்வின்றி ஊர் ஊராய்ப் பயணம் செய்துவந்த அவர், தும்பாப் பணிகளைப் பார்வையிட வந்திருந்தபோது, 1971ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் கோவளத்தில் துயிலிலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 52. தலைவர் ஒருவர் திடீரென மறைந்தால் அவர் எண்ணிய பணி பாதியிலே நின்றுவிடுவது உலகத்தில் நாம் காண்பது. இங்கே அவ்வாறு நிகழவில்லை. இளைஞரை நம்பி அவர் பொறுப்பளித்து வந்த நெறி அவருக்குப் பின்னும் பயன் தந்தது.

சிற்றூரில் ஒளிர்ந்த திரை

1974ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கத் துணைக்கோள் விண்ணில் ஏவப்பெற்றது. குடைபோல் விரியும் அதன் வானலைக் கிண்ணம் 9 மீட்டர் குறுக்களவு உடையது. அமெரிக்காவில் ஓராண்டு பணி செய்தபின் அது கீழ்த்திசைக்கு நகர்த்தப்பெற்று, ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு மேலே இந்தியாவை நோக்கி நின்றது. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் நிகழ்ச்சிகள் தொடங்கின. ஆந்திரம், பீகார், கருநாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராசசுத்தான் ஆகிய 6 மாநிலங்களைச் சேர்ந்த 2,400 சிற்றூர்கள் நேரே துணைக்கோளிலிருந்து காட்சிகளைப் பெற்றன. ஆர்வியில் 30 மீட்டர் அளவினதாக இருந்த வாங்கி, இச்சிற்றூர்களில் 3 மீட்டர்க் கம்பிவலைக் கிண்ணமாகச் சுருங்கியது. வாங்கும் கருவிகளை ஐதராபாத்திலுள்ள அரசினர் மின்னணுத் தொழிற்சாலை செய்தளித்தது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில், வானிலிருந்து பெற்றதைத் தரைநிலையம் ஒன்று மீண்டும் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு வழங்கியது. கலப்பு முறையும் இவ்வாறு செயலிற் காணப்பட்டது.

துணைக்கோளின் நேரம் அரியது. நாள்தோறும் ஏறக்குறைய 4 மணி நேரமே நிகழ்ச்சிகள் நடைபெற்றன. காலையிற் பள்ளிச் சிறுவர்க்கும் மாலையிற் பெரியோர்க்குமாக அது பகுக்கப்பெற்றது. ஆதலால் நிகழ்ச்சிகளை முன்னரே ஆக்கி, நாடாக்களிற் பதிவுசெய்து சேர்த்துவைத்து, உரிய வேளையில் தடையின்றி விடுத்தனர். ஒரே படத்தோடு இரண்டு ஒலிவழிகளை அனுப்பும் வசதியும் இருந்தது. ஆகவே ஒரே காட்சியை இரு மொழியினர் தத்தம் மொழியிற் கேட்டு அறிய இயன்றது. சேமித்து வைத்தல், வேளையறிந்து வழங்கல், ஒன்றைப் பலர்க்குப் பயன்படச் செய்தல் என்னும் இம்மூன்றாலும் சிறிய நேரம் பெரும்பயன் தந்தது.

அந்தி மயங்கும் வேளையில் ஊர்ப் பொதுவிடத்திலே பெட்டியின் முன் மக்கள் கூடினர். திரைப்படம்கூடக் கண்டறியாதோரும் அவர்களுள் இருந்தனர். உழவும் உடல்நலமும் பற்றிய செய்திகளை அவர்கள் தம் மொழியிலேயே கேட்டனர். பின்னர் ஆராய்ந்தோர், எழுத்தறியாதவரும் பெண்டிரும் இதனாற் குறிப்பிடத்தக்க அறிவு பெற்றமையைக் கண்டனர். 1976ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் ஓராண்டு நிறைவுற்றது. இரவல் துணைக்கோள் மீண்டும் மேற்றிசைக்குச் சென்றது. பல ஊர்களில் திரை இருண்டது. அவ்விருள், நமக்கென ஒரு துணைக்கோள் வேண்டும் என்பதை எவர்க்கும் விளங்க உணர்த்திற்று. 1983ஆம் ஆண்டில் இன்சாட்-1பி விண்ணேறி, தொலைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் வானிலை ஆய்வுக்கும் பயன்பட்டது. 2004ஆம் ஆண்டில் கல்விக்கெனவே எடுசாட் என்னும் துணைக்கோள் ஏவப்பெற்றது.

நிலைத்த புகழ்

சாராபாயின் நினைவாக 1972ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்து விண்வெளி நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. சந்திரனில் உள்ள கிண்ணக்குழி ஒன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரனின் தென்முனைக்கு அருகே இறங்கிய இந்தியக் கலத்தின் பெயரும் விக்கிரம் என்பதே.

இன்று துணைக்கோள்கள் பெருகிவிட்டன. பலரும் வேண்டும் பாடத்தையும் படத்தையும் ஒருமுறை வானிலிருந்து பெற்று, அருகிலுள்ள நிலையத்திற் சேமித்து வைத்து, கேட்போர்க்கெல்லாம் அங்கிருந்தே வழங்கும் கணிப்பொறி முறைகளைப் பொறியியலார் வளர்த்து வருகின்றனர். கருவிகள் புதியன, ஆயினும் ஒருமுறை பெற்றதைப் பலர்க்கும் பகிர்தல் என்னும் கருத்து, அன்று சாராபாயும் அவர் கூட்டத்தாரும் கணக்கிட்டுக் கண்டதற்கு மிக நெருங்கியதே.

எத்துணை உயரத்தில் பறக்கின்றது என்பதைக் கொண்டு மட்டும் ஒரு கலத்தின் பெருமையை அளத்தல் போதாது. அதனாற் பயன் பெறுவோருள் மிக எளியவர் யார் என்பதையும் கேட்டல் வேண்டும். சாராபாய் தம் வாழ்நாள் முழுவதும் அக்கேள்வியைக் கேட்டார். விஞ்ஞானம் பயிலும் இளைஞர்காள், நீங்களும் ஒரு புதுப்பொருளை ஆக்கும்போது, அது கடைக்கோடிச் சிற்றூருக்கு என்று சென்று சேரும் என்று கேட்டுப் பழகுவீர்களாக.